நீலக்குதிரைக்கு வந்த மஞ்சள் சீட்டு

சைரா தொட்ட ஷூவைக் கண்டுபிடிக்க முடியாது. ஆம்பூரில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரியும். பெட்டிக்குள் போவதற்கு முன் ஒவ்வொரு ஜோடியும் டச்சப் டேபிளுக்கு வரும். லைனில் வரும்போது எங்கோ உரசி ஒரு வெள்ளைக் கீறல் விழுந்திருக்கும், நுனியில் லேசாகச் சிராய்த்திருக்கும். மெல்லிய பிரஷ்ஷில் ஒரு பொட்டு கலர் எடுத்து வைத்து, காய்வதற்குள் சுண்டுவிரலால் ஓரத்தை இழுத்துவிடுவாள். அப்புறம் கீறல் எங்கே இருந்தது என்று அவளைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. செக்கிங்கில் நிற்பவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒன்றும் தெரியவில்லை என்றால் ஷூ பெட்டிக்குள் போகும். இருபத்திரண்டு வருடத்தில் அவள் வேலையைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கண்ணில் படாத வேலையைப் பற்றி என்ன சொல்வார்கள்?

வீட்டில் அவளுக்கு இன்னொரு உலகம் உண்டு. பீரோவின் கீழ்த்தட்டில் முந்நூற்று நாற்பது பழைய காமிக்ஸ். வீட்டுப் பேச்சு உருது, பள்ளிக்கூடம் தமிழ். மூன்றாம் வகுப்பு வரை கரும்பலகையைப் பார்த்தாலே அழுதவள். பக்கத்து வீட்டில் யாரோ கிழித்துப் போட்டிருந்த ஒரு காமிக்ஸில்தான் எழுத்தோடு சமாதானம் ஆனாள். பாதியைப் படம் சொல்லிவிட, மீதியைத் தெரிந்துகொள்ளும் அவசரத்தில் எழுத்துக்கூட்டினாள். அன்றிலிருந்து சேர்த்தது அத்தனையும்.

வேலூர் வட்டாரத்தில் பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. சைரா முதலில் கணவர் வாஹித் பாஷாவின் நம்பரில்தான் அதில் சேர்ந்தாள். ஆறு மாதம் எல்லோரும் அவளை "வாஹித் பாய்" என்றே கூப்பிட்டார்கள். ஒரு நாள் குரல் பதிவில் பதில் சொன்னபோதுதான் பெண் என்று தெரிந்தது. அறுபத்துமூன்று ஆண்கள் நடுவே ஒரே பெண். அரக்கோணத்தில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்ற முனிரத்தினம் உடனே ஒரு உத்தரவு போட்டார்: "இனிமே இங்க கண்டதையும் ஃபார்வர்டு பண்ணாதீங்கப்பா, அம்மா இருக்காங்க." வருடத்துக்கு ஒரு முறை பாகாயத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் கூடுவார்கள். இந்த வருடம் சைராவின் புத்தகங்களுக்கும் ஒரு மேசை ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு முனிரத்தினத்தோடு ஒரு மாற்று நடந்தது. சைராவிடம் 'நீலக்குதிரை' முதல் இதழ் இருந்தது. அவரிடம் அவள் வருடக்கணக்காகத் தேடிய பதினொரு இதழ்கள் இருந்தன. கைமாறும்போது அவர் கேட்டார்: "வந்தது வந்தபடியே இருக்குதாம்மா? யாரும் கை வெக்கலையே?"

"இல்லைங்க சார். என்கிட்டயேதான் இருந்துச்சு."

முனிரத்தினம் அதை பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு அனுப்பினார். அங்கே ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரை வைத்துத் தருவார்கள். யாரும் கை வைக்காத புத்தகம் என்றால் உறையின் தலையில் வெள்ளைச் சீட்டு. பிற்பாடு யாராவது சரிசெய்திருந்தால் மஞ்சள்.

நீலக்குதிரைக்கு மஞ்சள் வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அதன் படத்தைக் குழுவில் போட்டு, முனிரத்தினம் கீழே ஒரே ஒரு வரி எழுதினார்: "சைராம்மா, இதை என்னிடம் சொல்லியிருக்கலாம்."

அவ்வளவுதான், குழு இரண்டாகப் பிரிந்தது. அந்தக் காலத்து அச்சே அப்படித்தான், பெங்களூர்காரனுக்கு என்ன தெரியும் என்றார் ஒருவர். தெரிந்தே தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். பெண் என்று நம்பினோம் பாருங்கள் என்று மூன்றாமவர் ஆரம்பித்தார். மண்டபத்துக்கு ஏற்பாடு செய்யும் பூவரசன் சைராவின் பக்கம் நின்று குரல் பதிவில் முழங்கினான்: "இன்னாங்க நியாயம் இது? அட்டைய அழுத்தி மடிப்ப எடுத்து அனுப்புறான், மார்க் ஏறுது, அதுக்கு வெள்ளைச் சீட்டு. ஒரு பொட்டு கலருக்கு மட்டும் மஞ்சளா? வேற கம்பெனிக்கு அனுப்புங்க சார், அவன் கண்ண மூடிட்டு வெள்ளை போடுவான்!"

சைரா எழுதினாள்: "அல்லாஹ் அறிய நான் எதுவும் செய்யவில்லை."

மறுநாள் காலை டேபிளில் அடர்நீல ஷூ வந்துகொண்டிருந்தது. எதிரே உட்காரும் மீனாம்பாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "ஷூ மேல அழுவாதடி, கலர் ஓடிடும். இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்குத்தான் ஒரே ஷூவ மூணு வாட்டி தொடறியா?"

சைரா கையைப் பார்த்தாள். பிரஷ் நுனியில் நீலம். ஷூவின் பக்கவாட்டில் ஒரு கீறல். பொட்டு வைத்து, சுண்டுவிரலால் ஓரத்தை இழுத்துவிட்டாள். விரல் அப்படியே நின்றது.

அந்த விரலுக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு லீவு நாள். தன் கைப்பையைச் சரிசெய்யக் கம்பெனியிலிருந்து பாட்டில் மூடியில் கொஞ்சம் நீலம் கொண்டுவந்திருந்தாள். பையைத் தொட்டு முடித்தும் மூடியில் மிச்சம் இருந்தது. பக்கத்தில் நீலக்குதிரை கிடந்தது. அட்டையில் இருந்த குதிரையின் முதுகில் குறுக்கே ஒரு வெள்ளைக் கீறல், புத்தகத்தின் முதுகிலும் தேய்ந்த இடம். கீறலைக் கண்ட கை சும்மா இருக்கவில்லை. ஒரு நிமிட வேலை. மூடியைக் கழுவி வைத்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள். தினமும் முந்நூறு கீறலை மறக்கிற பழக்கத்தில் அதையும் மறந்துவிட்டாள்.

"யா அல்லாஹ்" என்றாள். நேற்று அவன் பேரில் செய்த சத்தியம் பொய்யாகிவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிச் சுவரோரம் நின்று குழுவுக்கு ஒரு குரல் பதிவு பேசினாள். இரண்டு முறை அழித்து, மூன்றாம் முறை அனுப்பினாள்.

"சைரா பேசறேங்க. நேத்து நான் பண்ண சத்தியம் தப்பு. அந்த நீலத்த வெச்சது நான்தான். ஏமாத்தணும்னு இல்ல. எங்க வேலையில கீறல பாத்தா தொட்டு வெச்சுடுவோம், அத ஒரு விஷயமாவே நெனைக்க மாட்டோம். ஆனா சார் கேட்டாரு, நான் இல்லைன்னு சொல்லிட்டேன். பெங்களூர்ல சொன்னதுதான் சரி. வேற எங்கயும் அனுப்ப வேணாம். ஞாயித்துக்கெழம சாரோட பதினொரு புக்கையும் கொண்டுவந்து குடுத்துடறேன். எனக்கு மேசை வேணாம்."

முனிரத்தினம் கேட்டுவிட்டார் என்று போனில் தெரிந்தது. பதில் வரவில்லை.

சனிக்கிழமை வேலை விட்டு வந்ததும் பீரோவைத் திறந்தாள். முந்நூற்றுச் சொச்சம் புத்தகங்களையும் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தாள். வாஹித் பாஷா ஷேர் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்து, போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்தொன்பது புத்தகங்களில் அவள் கை இருந்தது. ஒவ்வொன்றிலும் எங்கே, என்ன நிறம் என்று எழுதி ஒரு துண்டுக் காகிதம் வைத்தாள். குழுவில் எல்லோரும் பார்க்கட்டும் என்று அந்தப் பத்தொன்பதையும் பையில் எடுத்து வைத்தாள்.

"நம்ம கல்யாண போட்டோலயும் கை வெச்சிருக்கியா?" என்றார் வாஹித். "என் தலைல முடி ஜாஸ்தியா தெரியுதே."

மூன்று நாளில் அப்போதுதான் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குள் நுழைந்தபோது முனிரத்தினம் ஃபேனுக்குக் கீழே மடியில் உறையோடு உட்கார்ந்திருந்தார். சைரா பதினொரு இதழ்களை அவர் முன் வைத்தாள். உட்காரவில்லை.

"உக்காருங்கம்மா."

"பரவால்லைங்க சார்."

"நீங்க நின்னா நானும் எழுந்திரிக்கணும். முட்டி வலிக்குது, உக்காருங்க." அவள் உட்கார்ந்தாள். "போன்ல எனக்குப் பேச வராது. அதான் பதில் போடல. வியாழக்கிழமை கோவம்தான். நீங்க ஏமாத்துனீங்கன்னு பாதி கோவம். முப்பது வருஷமா பாக்கறேன், என் கண்ணுக்குத் தெரியலையேன்னு மீதி." உறையைத் திருப்பி அவளிடம் நீட்டினார். "இங்கிலீஷ்ல கீழ ஒரு வரி இருக்குது, படிச்சீங்களா?"

குழுவில் போட்ட படத்தில் அந்த வரி வெட்டுப்பட்டிருந்தது. இப்போது எழுத்துக்கூட்டிப் படித்தாள். அட்டையிலும் முதுகிலும் சிறிதளவு வண்ணப் பூச்சு; தேர்ந்த கையால் செய்யப்பட்டது.

மறுபடி படித்தாள். பெங்களூரில் முகம் தெரியாத யாரோ ஒருவர் விளக்கைப் பிடித்துப் பார்த்து, அவள் வைத்த பொட்டைக் கண்டுபிடித்து, அது எப்படிப்பட்ட கை என்பதையும் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆளால்தான் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. இருந்தும், எதிரில் நின்றிருந்தால் ஒரு சலாம் வைத்திருப்பாள்.

அதற்குள் பூவரசன் தன் பெருமையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வெள்ளைச் சீட்டு, பத்துக்கு ஒன்பது. "அக்கா, இத பாருங்க. கை படாத புக்குன்னா இப்படி இருக்கணும்."

சைரா வாங்கி, ஷூவைத் திருப்புவதுபோல வெளிச்சத்தில் திருப்பினாள். முகம் மாறியது. சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

"தம்பி, இந்த மூலையில செவப்பு அச்சுல வந்தது இல்ல. யாரோ வெச்சது. ஓரத்த இழுக்காம விட்டுட்டாங்க."

"அக்கா, பேஜார் பண்ணாதீங்க!"

மஞ்சள் சீட்டு வந்தபின் வாங்கிய ஊதா டார்ச்சை முனிரத்தினம் பையிலிருந்து எடுத்து அடித்தார்; பிற்பாடு வைத்த கலர் அந்த வெளிச்சத்தில் தனியாகத் தெரியும். மூலையில் கடுகளவு கறுப்பாக ஒரு புள்ளி. மண்டபம் சிரித்ததில் பூவரசனின் வாதம் காற்றில் போயிற்று. "மஞ்சள் சீட்டு ஒண்ணு இவனுக்கும் எழுதுங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள். பெண் என்று நம்பினோம் பாருங்கள் என்று எழுதிய அதே ஆள் தன் புத்தகங்களை அள்ளிக்கொண்டு, சோதித்துப் பார்க்கச் சொல்லி முதல் ஆளாக அவளிடம் வந்தார். அவளுக்கு ஒதுக்கியிருந்த மேசையை யாரும் அகற்றியிருக்கவில்லை. சாயங்காலம் வரை அதன் முன்னால் ஆட்கள் நின்றார்கள். பத்தொன்பது துண்டுக் காகிதங்களையும் எடுத்துப் படித்துவிட்டு, இருந்த பக்கத்திலேயே திரும்ப வைத்தார்கள்.

கிளம்பும்போது முனிரத்தினம் நீலக்குதிரை உறையை அவளிடமே விட்டுவிட்டு, பதினொரு இதழ்களை எண்ணாமல் பைக்குள் போட்டார். பிறகு நிமிர்ந்தார். "எல்லாம் படிச்சிட்டீங்களா?"

"ஏழுதான் சார் முடிச்சேன்."

அவர் பையைத் திறந்து நான்கைத் தேடி எடுத்தார். "படிச்சிட்டுக் குடுங்க. அவசரம் இல்ல. எதுலயும் கலர் மட்டும் வெச்சிடாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் தோல் வெட்டும் கத்தரியை எடுத்து, உறையின் ஓரத்தை வெட்டினாள். வாஹித் பதறினார். "சீல உடைச்சா மார்க் போய்டுமே!"

"உள்ள இருந்தா எப்படிப் படிக்கறது?"

நீலக்குதிரையை வெளியே எடுத்தாள். மஞ்சள் சீட்டைப் பத்திரமாக முதல் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.