அத்தானின் கடைவாய்ப் பல்

அக்கா தவமணியின் கணவர் கார்த்திகேசு அத்தான் போன மாதம் இறந்துபோனார். பினாங்குத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிராணியாக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவது வேலை. அவர் எண்ணிக்கை பிழைத்தது என்று யாரும் சொன்னதில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு என்னவோ அவர் மணி பிழைத்த அந்த ஒரு நாள்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

1943ஆம் வருடம். ஜப்பான்காரர்கள் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. நான் படிப்பித்த பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தானின் கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரிய குழி விழுந்து, நாலு நாளாக அவருக்குத் தூக்கம் இல்லை. செவ்வாய்க்கிழமை அவரைப் பினாங்கு ரோட்டில் இருந்த சீனப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் குழியைச் சுரண்டி, கடுகளவு ஏதோ மருந்தைப் பஞ்சில் தோய்த்து உள்ளே வைத்து, மேலே வெள்ளைச் சாந்தால் மூடினார். நரம்பைச் சாகடிக்கிற மருந்து என்று மலாயில் விளக்கினார். வியாழக்கிழமை மூன்று மணிக்கு வந்தால் அதை எடுத்துவிட்டு நிரந்தரமாக அடைப்பார். மூன்று நாளுக்கு மேல் அது உள்ளே இருக்கக் கூடாது. இதை இரண்டு தரம் சொன்னார்.

மறுநாள் காலையில் வலி போய்விட்டது. அத்தான் அந்தச் சாந்தைக் கண்ணைப் போலப் பார்த்துக்கொண்டார். மரவள்ளிக்கிழங்கை மற்றப் பக்கத்தால் மட்டும் மென்றார். உமிக்கரியை விட்டுவிட்டு விரலால் பல் விளக்கினார். கண்ணாடியில் வாயைப் பிளந்து பார்த்து, "இருக்கு, இருக்கு" என்பார்.

வியாழக்கிழமைதான் குழப்பம். ஜப்பான்காரர்கள் ஊர் மணியையெல்லாம் தோக்கியோ மணிக்கு மாற்றி ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளியிருந்தார்கள். துறைமுகத்தில் அந்த மணி. வீட்டில் பழைய மணி. சுவர்க் கடிகாரத்தைத் தொட அக்கா விடவில்லை. "சூரியனுக்கு ஆர் ஜப்பான் பாஷை படிப்பிச்சது?" என்று கேட்டாள்.

"இஞ்சருங்கோ, ஜப்பான் மணி மூண்டெண்டால் எங்கட மணிக்கு ஒண்டரை. வியாழக்கிழமை இராகுகாலம் தொடங்கிற நேரம். அந்த நேரத்திலயோ வாயைத் திறந்து குடுக்கப் போறியள்?"

அத்தான் என்னைப் பார்த்தார். "டாக்டர் எந்த மணியைச் சொன்னவர்?"

நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

"அவர் பழைய ஆள். பழைய மணியைத்தான் சொல்லியிருப்பார்" என்றார் கடைசியில்.

"அப்ப சரி. இராகுகாலமும் முடிஞ்சிடும்" என்றாள் அக்கா.

பழைய மணி மூன்றுக்குப் போய் நின்றோம். தோக்கியோ மணி நாலரை. கதவில் பூட்டு. மறுநாள் காலையில் போனபோதும் அதே பூட்டு. டாக்டர் நேற்று தோக்கியோ மணி நாலுவரை இருந்துவிட்டுக் குடும்பத்தோடு கடல் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டார், இனி வரமாட்டார் என்று பக்கத்துக் கோப்பிக் கடைக்காரர் சொன்னார். வேறு இரண்டு டாக்டர்களைத் தேடினோம். ஒருவர் ஊரில் இல்லை. மற்றவர் ஜப்பான் படைக்கு மட்டும் பார்ப்பவர்.

"நோகாத பல்லுக்கு ஏன் இப்பிடி ஓடுறம்?" என்று அத்தான் கேட்டார். வலித்தபோது என்ன செய்வதென்று தெரிந்தது. வலிக்காதபோது ஒன்றும் விளங்கவில்லை.

சனிக்கிழமை சூலியா தெருச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் ஹபீப் முகம்மதுவைக் கண்டுபிடித்தோம். அந்த டாக்டரிடம் பதினாலு வருடம் மருந்து கலக்கிக் கொடுத்தவர். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளாச்சு அண்ணே?"

"நாலு."

"அல்லா! அது பாஷாணம் லா. நரம்பத் தின்னு முடிச்சா எலும்பத் திங்கும்."

"நீர் எடுத்துவிடும் தம்பி."

"நான் கலக்குறவன் அண்ணே. வாய்க்குள்ள கை வச்சதில்ல."

"பதினாலு வருஷம் பக்கத்தில நிண்டு பாத்தனீர்தானே?"

"சினிமாகூடத்தான் பதினாலு வருஷம் பாத்தேன். நடிக்க வந்துருமா?"

ஆனாலும் வீட்டுக்கு வந்தார். சிகரெட் டின்னுக்குள் ஒரு வளைந்த ஊசி, ஒரு சின்னக் கண்ணாடித் தகடு, கொஞ்சம் வெள்ளைத் தூள், கிராம்பு எண்ணெய். பின்பக்க ஜன்னலோரம் நாற்காலி போட்டோம். வெளிச்சம் வாய்க்குள் விழும்படி அக்கா முகக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தாள். சாந்தைச் சுரண்டும்போது ஹபீப் அடிக்கடி நிறுத்தி ஊசியைத் துடைத்தார். உள்ளேயிருந்து கறுத்த பஞ்சு ஒன்று வந்தது. உப்பு வெந்நீரால் திரும்பத் திரும்பக் கழுவினார். பிறகு தகட்டில் தூளையும் எண்ணெயையும் குழைக்கத் தொடங்கினார். அப்போது ஒரு தரம்கூட நிறுத்தவில்லை.

அடைத்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கம் கடிக்காதீங்க. உமிக்கரி தொடாதீங்க. சாப்பிட்டா உப்புத் தண்ணி கொப்பளிங்க."

"நொந்தால்?"

"பல்லு வலிக்காது அண்ணே, அது செத்துப்போச்சு. வலிச்சா எலும்பு."

அதன்பின் தினமும் காலையில் அத்தான் தாடையை அழுத்திப் பார்ப்பார். நோகிறதா, நோவதாக நினைக்கிறாரா என்று அவருக்கே தெரியாது. "நீ அமத்திப் பார்" என்று என்னைக் கூப்பிடுவார். அவருடைய வலி என் விரலுக்கு எப்படித் தெரியும்?

ஒன்பதாம் நாள் தாடை வீங்கியது. ஹபீப் ஒரு வாரம் தினமும் வந்து கழுவினார். கடைசியில் ஈறிலிருந்து அரிசி அளவு எலும்புத் துண்டொன்று கழன்று வந்தது. அதோடு வீக்கம் வற்றியது. பல் கொஞ்சம் ஆடினாலும் விழவில்லை.

அந்தத் துண்டை அக்கா உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இது நான் செய்த வேலையோ?" என்று அத்தானைக் கேட்டாள்.

அவர் வாயில் உப்புத் தண்ணீர் இருந்தது. அவசரப்படாமல் கொப்பளித்துத் துப்பினார்.

"டாக்டரிட்ட மணி கேக்காமல் வந்தது நான்" என்றார்.