ஒரு பல்லுத்தானே!

"உனக்கு இஞ்சினைக் கொப்பியில கீறத்தான் தெரியும். கழட்டினால் பூட்டுவியோ?"

மாமா இப்படிக் கேட்டது போன வருடம், நத்தார்ப் பண்டிகை முடிந்த கிழமை, பேசாலையில் எங்கள் வீட்டு முற்றத்தில். அவர் அம்மாவின் தம்பி. மீன்பிடிப் படகுகளின் மெஷின் திருத்துவதில் ஊரிலேயே கெட்டிக்காரர். நான் எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனப் படிப்பை, கொப்பி கொப்பியாக இஞ்சின் படம் வரைந்து, அப்போதுதான் முடித்திருந்தேன்.

முற்றத்தில் நின்றது அப்பாவின் சின்ன வான். மீன் ஏற்றி மன்னார்ச் சந்தைக்கு ஓடுகிற அந்த வானை நம்பித்தான் எங்கள் வீடு. அதன் டைமிங் பெல்ட் வெடிப்பு விழுந்து, பிய்கிற நிலையில் இருந்தது. இஞ்சினின் கீழ்ச் சக்கரத்தையும் மேல் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்கிற, பல்லு வைத்த பெல்ட் அது. மாற்றும்போது இரண்டு சக்கரங்களிலும் உள்ள அடையாளங்கள் அதனதன் இடத்தில் நேராக நிற்கவேண்டும்.

நான் உடுப்பு மாற்றி வருவதற்குள் மாமா பழைய பெல்ட்டைக் கழற்றிவிட்டார்.

"அடையாளம் வச்சிட்டன் பிள்ளை, பயப்பிடாத."

பார்த்தால், படகுக்குப் பெயர் எழுதுகிற தூரிகையால் நீலப் பெயின்ற் அப்பியிருக்கிறார். ஒவ்வொரு புள்ளியும் மூன்று பல் அகலம்! சிரிப்பை அடக்கிக்கொண்டு, மண்ணெண்ணெயும் பழைய கம்பிப் பிறஸ்சும் எடுத்து நீலத்தையும் துருக்கறளையும் தேய்த்தேன். அடியில் மெல்லிய வெட்டுக்கோடு தெரிந்தது. அதுதான் உண்மையான அடையாளம். கோடுகளை நேராக்கி, புதிய பெல்ட்டைப் போட்டு இறுக்கினேன். பிறகு ஸ்பானரால் இஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றினேன். கீழ்க்கோடு சரியாக வந்து நின்றது. மேல்கோடு ஒரு பல் பிந்தி நின்றது.

"ஒரு பல்லுத்தானே! சாவியைப் போடுங்கோ அத்தான்," என்றார் மாமா அப்பாவிடம். "பிழையெண்டால் ஸ்டார்ட் ஆகாது. அவ்வளவுதானே."

அப்பா வானின் கதவைத் திறந்துவிட்டார். ஓடிப்போய்ச் சாவியைப் பறித்து என் சட்டைப் பைக்குள் போட்டேன். அப்பாவின் கையிலிருந்து எதையும் பறித்தது அதுதான் முதல் தடவை.

"மாமா, உங்கட மெஷினில இப்பிடி வால்வு இல்லை. பிழைச்சால் சும்மா நிக்கும். இதில வால்வு திறந்திருக்கேக்க பிஸ்டன் மேல வந்தால் ரெண்டும் அடிபட்டு இஞ்சினே போயிரும். ஒரு பல்லோட தப்பலாம், தப்பாமலும் போகலாம். அதை அப்பான்ர வானில சோதிச்சுப் பாக்க ஏலாது."

"கேட்டீங்களோ அத்தான், எனக்கு மெஷின் படிப்பிக்கிறா!"

அப்பா என்னைப் பார்த்தார். வானைப் பார்த்தார்.

"மச்சான், கொஞ்சம் பொறு. சாவி அவளிட்டயே இருக்கட்டும்."

மறுபடி குனிந்து பெல்ட்டைத் தடவிப் பார்த்தேன். எங்கே பிழை விட்டேன்? ஒரு பக்கம் பெல்ட்டைத் தொய்வாக விட்டிருந்தேன். கீழ்ச் சக்கரம் அந்தத் தொய்வை இழுத்து முடித்த பிறகே மேல் சக்கரம் அசைந்திருக்கிறது! திரும்பக் கழற்றினேன். அந்தப் பக்கத்தை விறைப்பாகப் பிடிக்கச் சொல்லி மாமாவிடமே கொடுத்தேன். முணுமுணுத்தார், ஆனால் இரும்பு மாதிரிப் பிடித்தார்.

பூட்டிச் சுற்றினேன். ஒரு சுற்று. இரண்டு. கீழ்க்கோடு நேர். மேல்கோடு... நேர்! கத்தியே விட்டேன், பக்கத்து வளவில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மற்றதெல்லாம் பூட்டி முடித்து, சாவியை நானே திருப்பினேன். முதல் உதறலிலேயே பிடித்தது. மாமா காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"ம்... கொப்பியில கீறினது ஓடுது!"

ஒருவர் என்னை நம்பித் தன் வீட்டுச் சோற்றையே ஒப்படைக்கிற சாவி அது என்று அன்றைக்கு விளங்கியது. இன்றும் இரண்டு சுற்றும் சரியாக வராமல் நான் எதையும் ஸ்டார்ட் பண்ணுவதில்லை. போன மாதம் மன்னார் உப்புக்குளத்தில் சொந்தமாக ஒரு கராஜ் திறந்துவிட்டேன். பெயர்ப்பலகை எழுதித் தந்தது மாமா, அதே நீலப் பெயின்ற், அதே தடித்த தூரிகை. சந்தியில் நின்று பார்த்தாலே என் பெயர் தெரிகிறது.