மயில் கழுத்துச் சுவர்

வீட்டில் இருந்தது மாமியார். என் வீட்டுக்காரர். நாத்தனார். நான். என் இடுப்பில் கைக்குழந்தை. கொட்டகையில் ஒரு எருமை. அவ்வளவுதான்.

ஏரி உடைந்து ஊருக்குள் தண்ணீர் வந்த வருஷம். தண்ணீர் வடிந்துவிட்டது. சுவரில் ஏறின ஈரம் வடியவில்லை. கூடத்தில் பூசணம் பூத்தது. முதலில் சாம்பல் நிறம், பிறகு கறுப்பு. பாயில், முறத்தில், சாமி படத்துக்குப் பின்னால். வீடு முழுக்க ஊறின சாக்கு நாற்றம்.

அந்த நேரம் பார்த்து, நாத்தனாருக்காகப் பெருநகர் என்கிற ஊரில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். பெண்ணை முன்பே ஒரு கல்யாணத்தில் பார்த்திருந்தார்கள். இனி வீட்டைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கப்படி, வந்தவர்களுக்குச் சம்மதம் என்றால்தான் கை நனைப்பார்கள், அதாவது இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இல்லாவிட்டால் தண்ணீரோடு எழுந்து போவார்கள். முன்பு ஒரு கூட்டம் அப்படி எழுந்து போனது. அதன் பிறகு நாத்தனார் தலையில் பூ வைப்பதை விட்டுவிட்டாள்.

“சுண்ணாம்பு அட்ச்சா எல்லாம் மூடிக்கும்” என்றார் வீட்டுக்காரர்.

ஈரச் சுவர்மேலேயே அடித்தோம். பொங்கல் வீடு போல வெளுத்தது. வாரம் திரும்பவில்லை, வெள்ளைக்குள் இருந்து கறுப்பு எட்டிப் பார்த்தது.

மாமியார் சுவரைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். “நல்லா மூட்ன நைனா. போர்வ போத்திக்கினு தூங்கி எய்ந்துக்கிச்சு.”

நாத்தனார் சிரித்துவிட்டாள். வழி சொன்னதும் அவள்தான். “சினிமா கொட்டாய்ல போஸ்டர் ஒட்றவரு பசைல மயில்துத்தம் கலக்குறாரு அண்ணி. பூசணம் புடிக்காதாம். சுண்ணாம்புல கலந்தா இன்னா?”

“பசைய இன்னாத்துக்குடி பாத்துக்கினு நின்ன?” என்றார் மாமியார்.

“படம் பாக்கத்தான் காசு. பசை பாக்க காசா?”

அடித்த சுண்ணாம்பை எல்லாம் சுரண்டினோம். மூக்கை மறைத்துத் துணி கட்டிக்கொண்டோம். உடைந்த சட்டிகளில் உமியைப் போட்டுக் கனியவிட்டு, சுவரோரம் வைத்தோம். கதவு திறந்தே கிடந்தது. இந்த முறை அவசரப்படவில்லை. உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரியாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் சுண்ணாம்பு கரைத்தோம்.

நீலக் கல்லுப்பு மாதிரி இருக்கும் அந்தத் துத்தம் ஒரு கைப்பிடி போதும் என்று சொல்லி அனுப்பினோம். வீட்டுக்காரர் உத்திரமேரூர் கடையில் பெரிய பொட்டலமாக வாங்கிவந்து, நாங்கள் பார்க்காத நேரத்தில் முழுவதையும் கொட்டிவிட்டார்.

“கம்மியா போட்டா பூசணம் பயப்புடாது” என்றார்.

கூடமே நீலமாகிவிட்டது. உள்ளே வந்த பக்கத்து வீட்டுக் கோழி பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மறுபடி அடிக்க நேரம் இல்லை. மறுநாள் பெருநகர்க்காரர்கள் ஏழு பேர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா முன்னால், தாய்மாமன் கடைசியில், நடுவில் உறவுக்காரர்கள்.

அந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். “இன்னாம்மா இது கலரு?”

மாமியார் மறைக்கவில்லை. “பூசணம்மா. வெள்ள அட்ச்சி மூடிப் பாத்தோம், மூடல. துத்தம் போட்டு அட்ச்சிக்கீறோம்.”

என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். தாய்மாமன் நேராகச் சுவரிடம் போனார். மூக்கை வைத்து மோந்தார். கையால் தடவினார். சாமி படத்தைத் தூக்கிப் பின்னால் பார்த்தார்.

அந்த அம்மாதான் பேசினார். “பொடவைலதான் மயில் கழுத்து பாத்துக்கீறன். செவுத்துல இப்பத்தான் பாக்குறன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்க வூட்லயும் செய்யாத்துத் தண்ணி பூந்துட்ச்சி. செவுரு எரும முதுகு மாரி கீது. யாரு சொன்னது இந்தத் துத்தம்?”

“நாந்தான்.” அடுப்பங்கரையில் இருந்து நாத்தனாரே வெளியே வந்தாள்.

“அப்ப எங்க வூட்டுக்கும் நீயே வந்து அடி” என்றார் அந்த அம்மா. மாமியார் பக்கம் திரும்பினார். “பசிக்குது சம்பந்தி. எலயப் போடுங்க.”

உட்கார்ந்தார்கள். தாய்மாமன் மட்டும் இன்னும் சுவரைத் தடவிக்கொண்டு இருந்தார். விரல் எல்லாம் நீலம். நான் சொம்பில் தண்ணீரோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“கைய நல்லா தேச்சிக் கயுவிக்கினு வாங்க. துத்தம் விஷம்” என்றார் மாமியார்.

“மோந்து பாத்தன். நாத்தம் இல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு, கழுவிக்கொண்டு வந்து கடைசி இலையில் உட்கார்ந்தார். சோறு இரண்டு முறை கேட்டார்.

நாத்தனார் குழம்பு ஊற்றினாள். தலையில் பூ இருந்தது. எப்போது வைத்துக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

எச்சில் இலையை நான்தான் எடுத்தேன். ஏழு.