இருவருக்கு ஒரே நுழைவுப் பெயர்

பேருந்து நிறுத்தங்களில் வண்டி வரும் நேரத்தைக் காட்டும் பலகைகளுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகம் அது. அங்கே அவரை எல்லாரும் டீச்சரம்மா என்பார்கள். பாடம் எடுத்தவர் இல்லை. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்கிற குணத்துக்குக் கிடைத்த பட்டம். "எங்க வீட்ல பல்பு எரியலன்னா, மாத்துறதுக்கு முன்னாடி விசாரணை நடக்கும்" என்பார் அவர் கணவர்.

நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதினொரு வருட விவரம் கணினியில் ஒரு பழைய பெட்டகத்தில் இருந்தது. அதைப் புதிய பெட்டகத்துக்கு மாற்றும் வேலை அவர் தலையில் விழுந்தது. புதியதோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ஆளின் பெயரைக் கேட்டது. பழையதில் ஆளுக்கொரு நுழைவுப் பெயருக்கு அனுமதி இல்லாததால், அவரும், பக்கத்து மேசையில் வேலை பார்த்த நெட்டையரும் ஒன்றையே பங்கு போட்டிருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்ட நெட்டையர், திரும்ப வர விண்ணப்பித்திருந்தார்.

"எல்லாத்தையும் நெட்டையர் பேர்லயே போட்டுடுங்க டீச்சரம்மா" என்றார் குழுத் தலைவர்.

"என் வேலையும் அதுல கலந்திருக்கே சார்."

"கலந்தா என்ன? மாசக் கடைசி நாள்ல ஊர்ப் பலகையெல்லாம் இருண்டு போச்சே, அந்த மாற்றத்தைப் பாருங்க. ஒரு குறிப்புகூட இல்ல. அவரைத் தவிர வேற யாரு? அவரைத் திரும்ப எடுக்க நான் தயங்கறதே அதனாலதான்."

டீச்சரம்மா ஒவ்வொன்றாகப் பிரிக்க உட்கார்ந்தார். பிரிப்பது சுலபம். அவர் ஒரு மாற்றத்துக்கு நாலு வரி குறிப்பு எழுதுவார். நெட்டையர் வெறுமனே விடுவார். அந்த இருட்டு மாற்றமும் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் நேரம் ஒன்று இருபது. நெட்டையர் ஒரு மணிக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போனால் இரண்டுக்குத்தான் வருவார். பிறகு ஏன் இந்த நேரம்?

பட்டியலில் அதற்கு மேல் வரியைப் பார்த்தார். நான்கு நிமிடத்துக்கு முன் அதே கோப்பில் ஒரு மாற்றம், நாலு வரி குறிப்போடு. விடுப்புப் பதிவேட்டைப் புரட்டினார். அன்று பிற்பகல் டீச்சரம்மாவுக்குத்தான் அரை நாள் விடுப்பு. மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைத்திருந்தார்கள். விட்டுப்போன ஒன்றை அவசரத்தில், குறிப்புகூட எழுதாமல், சேர்த்துவிட்டு ஓடியிருக்கிறார்.

கடவுளே, பார்க்காமல் இருந்திருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. பார்த்தாகிவிட்டது. அந்த வரிக்கு நேரே தன் பெயரை எழுதினார்.

"சார், அந்த இருட்டு என் கைவேலை."

"அவருக்கு வக்காலத்து வாங்காதீங்க."

இரண்டு மாற்றங்களையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"புதுசுல ஏத்திட்டா அப்புறம் மாத்துறது பெரும்பாடு சார். காலத்துக்கும் அவர் பேர்ல நிக்கும். எழுதக் கை வரல."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, "திங்கட்கிழமை அவரை வரச் சொல்றேன். இனிமேலாவது குறிப்பு எழுதச் சொல்லுங்க. நீங்களும்தான்" என்றார்.

டீச்சரம்மா விசையை அழுத்தினார். மாற்றங்கள் ஒவ்வொன்றாக, அவரவர் பெயரோடு, திரையில் ஏறத் தொடங்கின. நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.