மூணு சுழி, ரெண்டு சுழி

இணையத்தில் உலாவுவதை எங்கள் பக்கத்தில் மேய்வது என்பார்கள். "என்ன தம்பி, இன்னிக்கி எந்தப் பக்கம் மேய்ச்சல்?" என்றுதான் கீழ்வேளூர் பிரவுசிங் சென்டர்க்காரர் என்னை வரவேற்பார். இப்போது கைப்பேசியில் நாள் முழுக்க மேய்கிறேன், வயிறு நிறைந்த மாதிரியே இல்லை. அப்போது சனிக்கிழமை ஒரு மணி நேரம்தான். வாரமெல்லாம் சேர்த்த சந்தேகங்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு சைக்கிளை மிதிப்பேன். நண்டு ஏன் பக்கவாட்டில் நடக்கிறது, மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி, நம் வயலுக்கு வரும் நாரை கோடையில் எந்த ஊருக்குப் போகிறது. தெரிந்துகொண்டதை வீட்டில் வந்து சொன்னால், "அது எந்த ஊருக்குப் போனா உனக்கென்ன, டிக்கெட் எடுத்துக் குடுக்கப் போறியா?" என்பார் அப்பா.

பத்தாவது தாண்டாத நான் டைப் அடிக்கப் பழகியது அங்கேதான். அதனால் பக்கத்து வீட்டு அக்காவும் சனிக்கிழமைகளில் என்னோடு வரத் தொடங்கினார்; சைக்கிளை விட்டுவிட்டு ரெண்டு பேரும் பஸ் ஏறுவோம். அவர் கணவர் கத்தாரில் வேலை. அக்கா சொல்லச் சொல்ல, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து மாமாவுக்கு மெயில் அனுப்புவேன். எல்லா மெயிலும் ஒரே வரியில்தான் முடியும்: "லீவைத் தைக்கு வச்சுக்கங்க." தை மாதம் மாமாவின் தங்கைக்குக் கல்யாணம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஒரு மாதம்தான் லீவு. அதை விட்டால் அண்ணன் இல்லாத கல்யாணம்.

ஐப்பசி மழையில் அவர்கள் வீட்டுக் கன்று செத்துப்போனது. அக்காவின் மாமியார் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கன்று. அந்தச் சனிக்கிழமை அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "அம்மாவோட கன்னு போயிடுச்சுங்க. ரெண்டு நாளா சாப்பிடல. அழுதுக்கிட்டே இருக்காங்க." அப்படியே அடித்தேன்.

தமிழில் கண்ணுக்கு மூணு சுழி, கன்னுக்கு ரெண்டு சுழி. இங்கிலீஷ் எழுத்தில் ரெண்டும் ஒன்றுதான். போன மாதம்தான் மாமியாருக்குக் கண்ணில் புரை என்று டாக்டர் சொன்னதையும் நானே அடித்து அனுப்பியிருந்தேன். போன் போட்டு விசாரித்திருப்பார் மாமா, ஆனால் மழையில் எங்கள் தெரு டெலிபோன் எல்லாம் செத்துக் கிடந்தது.

ஐந்தாம் நாள் வாசலில் கார் வந்து நின்றது. மாமியார் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். மாமா பெட்டியைச் சேற்றிலேயே போட்டுவிட்டு ஓடிப்போய், அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டினார்.

"அம்மா, இது எத்தன விரல்?"

"ஏன்டா, அங்க போயி எண்ணவே மறந்துட்டியா?" என்றார் மாமியார். "தாடையில என்ன வெட்டு? ஒழுங்கா சவரம் பண்ணிக்கத் தெரியல?"

மாமா சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஐயோ, கன்னுங்க! நம்ம செவலை போட்ட கன்னு!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க. அந்த எழுத்துல சுழியே கெடையாது, அது என்ன பண்ணும்?" என்றார் மாமா. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

லீவு போனது போனதுதான். கல்யாணத்தை முன்கூட்டியே வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தார்கள். பத்திரிகை அடித்தாகிவிட்டது என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். மாமா அந்த மாதம் முழுக்க மழையில் நாற்றங்காலுக்கும் வீட்டுக்கும் நடந்துவிட்டு, கார்த்திகையில் விமானம் ஏறினார். அக்கா வழியனுப்பப் போகவில்லை, அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

தையில் நான் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மணப்பெண் ஆள் அனுப்பினாள். "எங்கண்ணன் லீவைச் சாப்பிட்டவரு இவருதானே? பொரி போட இவரே வந்து நிக்கட்டும்." நான் போய் நின்றதும் மண்டபமே சிரித்தது. அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, அவள் கையில் பொரியை அள்ளி வைத்தேன். பாதி கீழே சிந்தியது.

சடங்கெல்லாம் முடிந்ததும், மாலையும் கழுத்துமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் பிரவுசிங் சென்டருக்கு வந்தார்கள். நான்கு பேர் உட்காரும் இடத்தில் இருபது பேர். கேமராவை நான் திருப்பி வைத்தேன். கட்டம் கட்டமாக மாமாவின் முகம் தெரிந்தது. பெண் அந்தத் திரைக்கு முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டாள்.

மாமா ஒரு கிண்ணத்திலிருந்து கைநிறைய அள்ளி அவர் பக்கத்துக் கேமரா மேல் தூவினார். திரை ஒரு நொடி வெள்ளையானது.

"என்னடா அது, நீட்ட நீட்டமா?" என்றார் மாமியார்.

"பாசுமதிம்மா. மெஸ்ஸுல மஞ்சள் இல்ல, சும்மாதான் போடுறேன்."

"சும்மாவே போடு," என்றார் மாமியார். "இன்னும் ரெண்டு பிடி போடு."