குசினி யாக்கோபின் விஷப் பீப்பாய்

பாளையம்பட்டி யாக்கோபு, வெள்ளைக்காரப் பாதிரியார் பங்களாவில் சமையல் பார்த்த குசினிக்காரர். வாய் கொஞ்சம் நீளம். நாற்பத்தேழில் சீமைக்குக் கப்பலேறிய பாதிரியார், சீமெண்ணெயில் ஓடும் தன் ஐஸ் பெட்டியை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பிறகு யாரும் இவரிடம் நின்று பேசுவதில்லை. எந்தப் பேச்சும் ஐஸ் பெட்டியில்தான் போய் முடியும்.

மறு கோடையில் பெட்டி படுத்துவிட்டது. பின்பக்கக் குழாயிலிருந்து ஆட்டுக்கிடை மூத்திர வாடை மூக்கைத் துளைத்தது. உள்ளே இருப்பது அமோனியா வாயு, கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது, வீட்டுக்குள் திறக்காதே, வெட்டவெளியில் தண்ணீருக்குள் விட்டுக் கரைத்துவிடு என்று பாதிரியார் சொல்லிவைத்திருந்தார். மகள் சவுந்தரத்துக்கு வந்த இடமெல்லாம் தட்டிப்போய், கடைசியாக நரிக்குடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் நாற்றம் ஒழியாவிட்டால் நானும் பெட்டியோடு வெளியே போகிறேன் என்றுவிட்டாள் மனைவி தெரசாள்.

சனிக்கிழமை பெட்டியை வண்டியில் ஏற்றி வறண்ட கண்மாய்க்குக் கொண்டுபோனார். ஒரு குடத்துக்கே ஊர் ஊற்றுத் தோண்டும் காலத்தில், ஒரு பீப்பாய்த் தண்ணீர் சேர்ப்பதற்குள் வாங்கிய வசவு கொஞ்சமல்ல. ஈரத்துண்டை மூக்கில் கட்டி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, பெட்டிக் குழாயின் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, ரப்பர் குழாய் வழியே வாயுவைப் பீப்பாய்த் தண்ணீரில் விட்டார். அதுவரைக்கும் எல்லாம் சுத்தம். கிணறில்லாத பொட்டலில் அதைக் கொட்டுவது மட்டும் பாக்கி. விருந்தாளிகள் போன பிறகு பார்க்கலாம் என்று பீப்பாயை மூடி, அதன்மேல் 'விஷத் தண்ணீர்' என்று கரியால் எழுதிவைத்தார்.

அங்கேதான் புத்தி பிசகியது. எங்கள் பக்கம் தண்ணீர் வைத்திருப்பவன் எவனும் அதை நல்ல தண்ணீர் என்று சொன்னதில்லை. பல்லி விழுந்தது, நாய் வாய் வைத்தது என்பான். விஷம் என்று எழுதியிருந்தால், கற்கண்டாக இனிக்கும் என்று அர்த்தம்.

ஞாயிறு காலை மாப்பிள்ளை வீட்டு வண்டி கண்மாய் வழியாக வந்தது. பீப்பாயருகே மாடுகள் மிரண்டு ஒதுங்கின. அவற்றுக்கு எழுத்து தெரியாது. மாப்பிள்ளையின் தாய் அற்புதமேரிக்குத் தெரியும். வாசித்தாள், சிரித்தாள். பெண் வீட்டுக்குள் புழுதி முகத்தோடு நுழையலாமா என்று மூடியைத் திறந்து குனிந்தாள். அள்ளிய கை முகத்துக்கு வருவதற்குள் கண் எரிந்து, மூக்கு எரிந்து, அலறிவிட்டாள்.

வண்டி வாசலுக்கு வந்தபோதும் அலறல் ஓயவில்லை. வாடை பட்டதுமே யாக்கோபுக்கு விஷயம் புரிந்து உயிரே போய்விட்டது. மகள் கல்யாணம் போச்சு என்று நினைத்தார். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பாதிரியார் சொன்னது நினைவுக்கு வர, விருந்துக்கென்று சேர்த்திருந்த குடங்களைத் தூக்கிவந்து சம்பந்தியம்மாளின் முகத்தில் ஊற்றினார். கடைசிக் குடத்தைத் தெரசாளே எடுத்துக் கொடுத்தாள்.

எரிச்சல் அடங்கியது. அற்புதமேரி சொட்டச் சொட்ட உட்கார்ந்து, வெறுங்குடங்களைப் பார்த்தாள்.

"எங்கூர்ல ஒரு செம்புத் தண்ணி கேட்டாலே மூஞ்சியத் திருப்பிக்கிருவாக அண்ணே. நீங்க கேக்காமலே குடங்குடமா ஊத்திட்டீக. எம் மகனுக்குப் பொண்ணு இந்த வீட்டுலதான். மொதல்ல போயி அந்தப் பீப்பாயக் கொட்டிட்டு வாங்க, வெத்தல பாக்கு மாத்துவோம்."

யாக்கோபு ஓட்டமாக ஓடினார். உலை வைக்கத் தண்ணீர் இல்லாத வீட்டில், சம்பந்திகள் வெற்றிலையை மென்றபடியே கல்யாணத்தைப் பேசி முடித்தார்கள்.