ஒரே ஓர் உணவகத்தின் பெயர்

கலிபோர்னியாவில், குபெர்டினோவுக்கு மேற்கே மலைச்சரிவில் இருந்த ஒரு சிறிய ஒயின் நிறுவனத்தில் ஸ்வர்ணா வேலை பார்த்தாள். ஒயினை அவள் வாயில் வைத்ததே இல்லை. வாடிக்கையாளர்களுக்கு மாதாமாதம் போகும் செய்திமடலை எழுதித் தபாலில் அனுப்புவதுதான் அவள் வேலை. கணவனின் விசாவில் வந்து, பல வருடம் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தவள். கிரீன் கார்டு வந்ததும் தானே தேடிக்கொண்ட முதல் வேலை அது.

அவள் தோழி விசாலாக்ஷி சான்டா கிளாராவில் உணவகம் நடத்தினாள். 1999 கோடையில் அதே தெருவில் இன்னொரு இந்திய உணவகம் திறந்தது. விசாலாக்ஷியின் மேசைகள் காலியாகத் தொடங்கின. பீரும் ஒயினும் விற்க லைசென்ஸ் வாங்கிப் பார்த்தாள். அதற்கும் கூட்டம் சேரவில்லை.

"ஸ்வர்ணா, உங்க நியூஸ்லெட்டர்ல எங்க ரெஸ்டாரன்ட் பேரப் போடேன். மெனுல உங்க ஒயினத்தான் மொதல்ல போட்டிருக்கேன். நாலு பேரு வந்தா பொழச்சுக்குவேன்."

ஸ்வர்ணா போட்டாள். தங்கள் வெள்ளை ஒயினுக்கு விசாலாக்ஷியின் மிளகுக்கோழியைப் போலப் பொருத்தம் வேறில்லை என்று நான்கே வரி. முதலாளி மேலோட்டமாகப் பார்த்துத் தலையாட்டினார். அந்தச் சனிக்கிழமை உணவகத்தில் இடமில்லாமல் வாசலில் ஆட்கள் காத்து நின்றார்கள்.

யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். மது லைசென்ஸ் துறை அதிகாரி ஒருவர் ஒயின் நிறுவனத்துக்கு வந்தார். மது தயாரிப்பவர், அதை விற்கும் கடைக்கு விளம்பரம் செய்யக் கூடாதாம். எங்கே கிடைக்கும் என்று சொல்வதானால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று இடங்களின் பெயரை மட்டும், புகழாமல், சொல்ல வேண்டுமாம். ஒரே கடையைத் தூக்கிப் பிடித்தால் அந்தக் கடை தயாரிப்பாளரின் கைக்குள் போய்விடும் என்பது சட்டத்தின் கவலை.

"உணவகத்தார் உங்களிடம் கேட்டார்களா?" என்றார் அதிகாரி.

ஆமாம் என்றால் விசாலாக்ஷியின் லைசென்ஸ் போய்விடும் என்ற பயம் ஒன்றுதான் ஸ்வர்ணாவின் மனதில் இருந்தது.

"இல்லை. நானாகத்தான் எழுதினேன்."

மாலையில் நேராக உணவகத்துக்கு ஓட்டிப் போனாள். அதிகாரி அங்கேயும் வந்து போயிருந்தார்.

"நாந்தான் கேட்டேன்னு சொல்லிட்டேன்," என்றாள் விசாலாக்ஷி. "பதிலுக்கு உங்க ஒயின மெனுல மொதல்ல போட்டதையும் சொன்னேன். அது தப்புன்னே எனக்குத் தெரியாதே. நீ என்ன சொன்ன?"

"நீ கேக்கவே இல்லன்னு."

சமையலறையிலிருந்து விசாலாக்ஷியின் கணவன் குமாரசாமி வெளியே வந்தான். "உள்ளதச் சொல்லியிருந்தா, தெரியாமப் பண்ணிட்டாங்கன்னு விட்டிருப்பாங்கங்க. இப்ப மறைக்கப் பாத்த மாதிரி ஆயிப்போச்சு."

மறுநாள் காலை ஸ்வர்ணா அதிகாரிக்குத் தானே போன் செய்து உண்மையைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். நிறுவனத்துக்கு அபராதம் விழுந்தது. உணவகத்தின் மது லைசென்ஸை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். "சட்டம் எனக்கும்தான் தெரியாமல் போயிற்று. ஆனால் அதிகாரியிடம் பொய் சொன்னவரை நான் வைத்திருக்க முடியாது," என்று முதலாளி அவளை அனுப்பிவிட்டார்.

குளிர்காலத்தில் ஒருநாள் இந்திய மளிகைக்கடையில் ஸ்வர்ணாவும் விசாலாக்ஷியும் எதிர்ப்பட்டார்கள். உணவகம் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. ஒயினை மெனுவிலிருந்தே எடுத்துவிட்டார்களாம்.

"எனக்காகத்தான் பொய் சொன்ன, தெரியும்," என்றாள் விசாலாக்ஷி. "ஆனா சொல்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

கேட்க நேரம் இருக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தபோதுதான், அதிகாரியிடம் 'அவளைக் கேட்டுச் சொல்கிறேன்' என்றிருக்கலாம் என்பது ஸ்வர்ணாவுக்கு உறைத்தது. விசாலாக்ஷி வண்டியைத் தள்ளிக்கொண்டு பில் போடும் இடத்துக்கு நகர்ந்தாள்.